தன்னுடலைச் சோதனைக் களமாக்கிய ஹாஃப்கின்

மேட்டூர் அணை திறந்து, காவிரியன்னை கல்லணையைக் கடந்து, வெண்ணாறாகவும் வெட்டாறாகவும் குடமுருட்டியாகவும் கிளை பிரிந்து, நுங்கும் நுரையுமாக நம் ஊர் வாய்க்கால்களில் புகுந்து வரும் காட்சியைக் காணாதவர் நம்மில் எவரும் இரார். முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பாட்டிமார் இன்றும் இருக்கின்றனர். நெல்லும் வாழையும் கரும்பும் அந்நீரின் கொடை. ஆனால் அதே பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்தம் தாயாரும் பாட்டியாரும் சொல்லக் கேட்ட வேறொரு கதையையும் சொல்வார்கள். அந்த வாய்க்காலிலேயே குளித்து, துவைத்து, மாட்டைக் கழுவி, குடத்தில் மொண்டு குடித்த காலத்தில் ஊருக்குள் நுழைந்த வாந்திபேதியின் கதை அது. காலையில் களத்துமேட்டில் நின்ற மனிதன் மாலைக்குள் கண் குழிந்து, கை கால் இழுத்து, மறுநாள் சுடுகாட்டுக்கோ கல்லறைக்கோ போய்ச் சேர்ந்த கதை!

காலரா எனப்படும் அந்நோய் 1817ஆம் ஆண்டு வங்காளத்தில் கிளம்பி நாடெங்கும் பரவிற்று. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தையும் எட்டிற்று. ஏழை எளியவரை மட்டுமா அது கொண்டு போயிற்று? சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1827ஆம் ஆண்டு சுற்றுப்பயணத்தின்போது அந்நோயினாலேயே மாண்டார். கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆகிய ஆறுகள் கடலோடு கலக்குமிடத்துச் சமவெளிகளெல்லாம் அதற்குத் தாய்வீடாயின. தாழ்ந்த நிலம், தேங்கும் நீர், நெருங்கிய குடியிருப்பு என்ற மூன்றும் ஒருங்கே அமைந்த நம் தஞ்சைத் தரணிக்கு அந்தக் கெடுபேறும் சேர்ந்தே வாய்த்திருந்தது. 1884ஆம் ஆண்டு இராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில், ஊரார் புழங்கும் குளத்து நீரிலேயே காற்புள்ளி வடிவான அந்தக் கிருமியைக் கண்டு காட்டினார். பகைவன் இன்னான் என்று தெரிந்துவிட்டது. அவனை மடக்குவது எப்படி என்பது தெரியவில்லை.

அதைத் தேடிப் புறப்பட்டவர்களுள் ஒருவரே நம் கட்டுரைத் தலைவர் வால்டெமார் ஹாஃப்கின். அவரைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. அறிவியல் வகுப்பில் நம்மிடையே ஓர் ஐயம் எழுந்தது. கொரோனாக் காலத்தில் நம் பெற்றோர் ஒரே நோய்க்கு ஒரே மருந்தை இரண்டு முறை போட்டுக்கொண்டார்களே, முதல் ஊசியே போதாதா என்பதுதான் அந்த ஐயம். விடை தேடப் போன நாம், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் நகரில் ஒருவர் தம் உடலிலேயே முதலில் ஒன்று, சில நாள் கழித்து ஒன்று என்று இரண்டு ஊசி போட்டுக்கொண்டதை அறிந்து வியந்து போனோம்.

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கருங்கடல் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்நிலம் உக்ரைன் நாட்டைச் சேர்ந்தது. ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் இலியா மெச்னிக்காஃப். நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சூழ்ந்து விழுங்கிவிடுகின்றன என்று பின்னாளில் உலகுக்குக் காட்டியவர் இவரே. நல்லாசிரியர் அமைவதும் ஒரு வரமன்றோ!

ஆனால் யூதராய்ப் பிறந்தவருக்கு அந்நாட்டில் அன்று நிம்மதி இல்லை. 1881ஆம் ஆண்டு யூதர் வீடுகளைக் கும்பல்கள் தாக்கிச் சூறையாடிய காலத்தில், இளைஞர் ஹாஃப்கின் தம் மக்களைக் காக்கத் திரண்ட கூட்டத்தில் சேர்ந்து நின்று காயமுற்றார், சிறையும் கண்டார். மெச்னிக்காஃப் தலையிட்டே அவரை மீட்டார். படிப்பு முடிந்தபின் பல்கலைக்கழகத்தில் பதவி கிடைக்கும் நிலை வந்தது. ஆனால் அவர் தம் சமயத்தை விட்டு ரஷ்ய மரபுவழித் திருச்சபையில் சேரவேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். ஹாஃப்கின் மறுத்துவிட்டார். பதவிக்காக மாறுகிற சமயம் சமயமாகுமா? நாம் கத்தோலிக்கப் பள்ளியில் பயில்கிறோம். அன்னை திருச்சபையின் மறைசாட்சிகள் வரலாற்றைப் படித்து வருகிறோம். பிற சமயத்தவர் ஒருவர் தம் மனச்சான்றுக்கு அஞ்சி இழப்பை ஏற்றபோது அவரையும் நாம் வணங்கவே செய்கிறோம். சில ஆண்டுகள் ஒடெசா விலங்கியல் காட்சிச்சாலையில் வேலை பார்த்தார். 1888இல் ஜெனீவா சென்று கற்பித்தார். மறு ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்த வேலை நூலக உதவியாளர் வேலை! மெச்னிக்காஃபும் அப்போது அங்கேதான் இருந்தார். பகலில் நூல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, ஓய்வு நேரமெல்லாம் கிருமிகளோடு கழித்தார் ஹாஃப்கின்.

காலராக் கிருமியை அவர் இருவகையாகப் பழக்கினார். கினிப்பன்றியின் வயிற்றறையில் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பலமுறை மாற்றி வளர்த்தபோது கிருமியின் கடுமை பன்மடங்கு ஏறிற்று. வெதுவெதுப்பான சூட்டில் காற்றோட்டத்தோடு வளர்த்தபோது அதன் கடுமை தளர்ந்தது. தளர்ந்ததை முதலில் விலங்கின் தோலுக்கடியில் செலுத்தினார். சில நாள் பொறுத்துக் கடுமையானதைச் செலுத்தினார். அதன்பின் உயிரைக் குடிக்கும் அளவு கிருமியைக் கொடுத்தும் அவ்விலங்கு சாகவில்லை. சரி, மனிதனுக்கு? அதை யாரிடம் சோதிப்பது? 1892ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் ஹாஃப்கின் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். காய்ச்சல் கண்டது, ஊசி போட்ட இடம் வலித்தது. சில நாள் கழித்துக் கடுமையான இரண்டாம் ஊசியையும் போட்டுக்கொண்டார். பிழைத்தார்! அம்மாத இறுதியிலேயே பாரிஸ் உயிரியல் கழகத்தில் தம் முடிவை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 32.

அவருடைய உடலுக்குள் அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதை ஹாஃப்கினும் அறியார். அவர் ஆசிரியரும் அறியார். அன்றைய அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்து வழக்காடிக் கொண்டிருந்தனர். நோயைத் தடுப்பது கிருமியை விழுங்கும் உயிரணுவே என்றனர் மெச்னிக்காஃப் அணியினர். இல்லை, இரத்த நீரில் கலந்திருக்கும் எதிர்ப்பொருளே என்றனர் ஜெர்மானிய அணியினர். 1908ஆம் ஆண்டு நோபல் பரிசை மெச்னிக்காஃபுக்கும், எதிரணியின் பால் எர்லிக்குக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அந்த எதிர்ப்பொருளை உண்டாக்குவதும் ஓர் உயிரணுவே என்பதும், அதற்கு உதவி செய்ய மற்றோர் உயிரணு உண்டு என்பதும் தெளிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

அந்தக் கதையில் கோழிக்கும் பங்குண்டு! 1956இல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவர், கோழிக்குஞ்சின் வாலடியில் உள்ள பர்சா என்ற சிறு பையை நீக்கிவிட்டால், பின்னர் அக்கோழியால் எதிர்ப்பொருள் உண்டாக்க முடிவதில்லை என்று கண்டார். அவரது கட்டுரை கோழி வளர்ப்போர் படிக்கும் இதழில்தான் வெளிவந்தது. பர்சாவின் முதலெழுத்தைக் கொண்டு அந்த உயிரணுவுக்குப் பி உயிரணு என்று பெயரிட்டனர். நமக்கு அந்தப் பை இல்லை. நம் பி உயிரணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. 1961இல் ஜாக் மில்லர் என்பார், நெஞ்செலும்பின் பின்னே இருக்கும், அதுவரை பயனற்றது என்று பலர் கருதிய தைமஸ் சுரப்பியைப் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அகற்றினார். அவை நோயை எதிர்க்க இயலாமல் நலிந்தன. தைமஸில் பக்குவப்படுவதால் அவை டி உயிரணுக்கள். 1968இல் மில்லரும் அவர் மாணவர் மிட்செலும் இந்த இரண்டையும் இணைத்துக் காட்டினர். எதிர்ப்பொருளைச் செய்வது பி உயிரணு. ஆனால் டி உயிரணுவின் துணையில்லாமல் அது செய்வதில்லை.

துணை என்றால் எத்தகைய துணை? இதை நம் வயல்வெளியை வைத்தே விளங்கிக்கொள்ள முயன்றோம்.

நம் உடலில் எண்ணற்ற பி உயிரணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் மேற்புறத்தில் ஒவ்வொரு வடிவமான கொக்கியைத் தாங்கியுள்ளது. காலராக் கிருமியின் ஏதோ ஒரு பகுதிக்குப் பொருந்தும் கொக்கி மிகச்சில உயிரணுக்களிடமே இருக்கும். கிருமி ஊசி வழியே தோலுக்கடியில் வந்ததும், அங்கே காவலிருக்கும் உயிரணுக்கள் அதன் துண்டுகளைச் சுமந்துகொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்கு ஓடுகின்றன. காலில் புண் பட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்பார்களே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. அங்கே டி உயிரணுக்கள் அத்துண்டுகளைப் பார்த்து விழிப்படைகின்றன. அதே முடிச்சில் பொருத்தமான பி உயிரணுவும் கிருமியைக் கொக்கியால் பிடித்து, உள்ளே இழுத்து, நறுக்கி, நறுக்கிய துண்டைத் தன் மேற்புறத்தில் ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறது. உதவி டி உயிரணு அதைச் சோதிக்கிறது. தான் முன்பு கண்ட துண்டே அது என்று தெரிந்தால் கை நீட்டுகிறது. பி உயிரணுவும் கை கொடுக்கிறது. அந்தத் தொடுகையோடு இன்டர்லூக்கின் எனப்படும் சில வேதிப்பொருள்களையும் டி உயிரணு சுரந்து தருகிறது. அதன் பின்னரே பி உயிரணு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, விரைந்து பெருகத் தொடங்குகிறது. கை கிடைக்காத பி உயிரணு வாடி மடிகிறது.

இனிமேல்தான் நமக்கு வியப்பு மிகுதியாயிற்று. பெருகும் பி உயிரணுக்கள் நிணநீர் முடிச்சுக்குள்ளே ஒரு நாற்றங்காலைப் போல் நெருங்கி வளர்கின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் கொக்கியின் வடிவம் சற்றே மாறிப் பிறக்கிறது. சில முன்னிலும் இறுக்கமாகக் கிருமியைப் பற்றும்; சில பற்றாது. இறுகப் பற்றுவது அதிகத் துண்டுகளை ஏந்தி வரும். ஆகவே அதற்கே டி உயிரணுவின் உதவி மிகுதியாகக் கிடைக்கும். மற்றவை அழியும். நாற்றுப் பறிக்கும் பெண்கள் சொத்தை நாற்றை ஒதுக்கிவிட்டு வாளிப்பானதை முடிச்சுப் போடுவதைக் கண்டிருக்கிறோமே! முதலில் ஐ.ஜி.எம். என்ற வகை எதிர்ப்பொருளைச் செய்துகொண்டிருந்த உயிரணுவை, ஐ.ஜி.ஜி. என்ற வகைக்கு மாற்றும் கட்டளையும் உதவி டி உயிரணுவிடமிருந்தே வருகிறது. முடிவில் தேறியவற்றுள் சில பிளாஸ்மா உயிரணுக்களாக முதிர்ந்து நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளை வார்க்கின்றன. சில விதைநெல்லாகக் குதிரில் அடங்குகின்றன. அவையே நினைவு உயிரணுக்கள். அடுத்த முறை அதே கிருமி வந்தால், நாற்றங்கால் அமைக்கும் நாளெல்லாம் மிச்சம். ஹாஃப்கினின் இரண்டாம் ஊசி செய்த வேலை இந்த விதைநெல்லை எழுப்பியதே ஆகும். நம் ஐயத்துக்கு விடை கிடைத்துவிட்டது!

மடையைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? அளவறிந்து மூடவும் வேண்டும். டி உயிரணுவின் அந்தக் கை பிறவியிலேயே அமையாத ஆண் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்கள் இரத்தத்தில் ஐ.ஜி.எம். இருக்கும், ஐ.ஜி.ஜி. மிகக் குறைவாகவே இருக்கும்; அடிக்கடி நோயுற்று வருந்துவர். எய்ட்ஸ் நோயின் வைரசு தேடிப் பிடித்து அழிப்பதும் இந்த உதவி டி உயிரணுக்களையே. மாறாக, உதவி மிஞ்சிப்போனால் சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகலாம். அதனால் அடக்கி வைக்கும் டி உயிரணுக்களும் உடலில் காவலிருக்கின்றன. இன்னொன்றும் சொல்லவேண்டும். சில கிருமிகளின் சர்க்கரைப் பொருளாலான மேலுறையைக் கண்டால் பி உயிரணு டி உயிரணுவின் துணையின்றித் தானாகவே சிறிது எதிர்ப்பொருள் செய்துவிடும். ஆனால் அவ்வாறு செய்ததை அது நெடுநாள் நினைவில் வைப்பதில்லை.

கதைக்கு வருவோம். தம் மருந்தைத் தாய்நாட்டுக்கே கொடுக்க விரும்பினார் ஹாஃப்கின். ரஷ்ய அரசு ஏற்கவில்லை. பாரிசில் ஆங்கிலத் தூதராக இருந்த டஃபரின் பிரபு முன்பு இந்தியாவில் வைசிராயாக இருந்தவர். அவர் இந்தியாவுக்குப் போகலாமே என்று வழிகாட்டினார். 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். மருத்துவப் பட்டம் பெறாத விலங்கியலார், ரஷ்யர், யூதர். ஆங்கில மருத்துவ அதிகாரிகள் எவ்வளவு அன்போடு வரவேற்றிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! நம் மக்களுக்கும் ஊசி என்றால் அச்சமே. ஆகவே அவரும், அவரோடு உழைத்த சௌத்ரி, கோஷ், சாட்டர்ஜி, தத் என்ற இந்திய மருத்துவர்களும் ஊரார் கண்ணெதிரே தமக்குத் தாமே ஊசி போட்டுக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டனர். அதன் பிறகே ஒருவர் பின் ஒருவராக மக்கள் கை நீட்டினர்.

1894ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் கல்கத்தாவின் கட்டால் பாகன் என்ற குடிசைப் பகுதியில் இருவர் காலராவால் மாண்டனர். நகர மருத்துவ அதிகாரி ஹாஃப்கினை அழைத்தார். அங்கே வாழ்ந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அதே இடத்தில் 10 பேருக்கு நோய் கண்டு, 7 பேர் இறந்தனர். அந்தப் பத்துப் பேரில் ஊசி போட்டுக்கொண்டவர் ஒருவருமில்லை! பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. ஒரே குளம், ஒரே தெரு, ஒரே உணவு. இதைவிடத் தெளிவான ஒப்பீடு வேறென்ன வேண்டும்? அதன்பின் அஸ்ஸாம் பகுதியின் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றார். முதல் இரண்டரை ஆண்டுகளில் அவர் ஊசி போட்டவர் தொகை ஏறத்தாழ 42,000. அலைந்த அலைச்சலில் மலேரியா பற்றிக்கொள்ள, 1895இல் ஐரோப்பா திரும்பினார். காய்ச்சல் தணிந்ததும் மீண்டும் இந்தியாவுக்கே வந்துவிட்டார்.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றிற்று. எலி செத்து விழும்; தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும்; சில நாளில் ஆளும் விழுவான். பழைய காலத்தில் உரோமை நகரில் இத்தகைய கொள்ளை நோயாளிகளைத் தோளில் சுமந்து பணிசெய்தே இளமையில் 1591ஆம் ஆண்டு உயிர்நீத்தார் நம் புனித ஞானப்பிரகாசியார். புனித செபஸ்தியாரையும் புனித ஆரோக்கியநாதரையும் நோக்கி நம் முன்னோர் மன்றாடியதும் இந்நோய்க்கு அஞ்சியே. பி உயிரணுவும் டி உயிரணுவும் கைகோக்கும் அந்த நெறிக்குள்ளேயே பிளேக் கிருமி புகுந்து கூடாரமடித்து விடுகிறது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பகைவன் புகுந்தது போலாகும் அது.

அக்டோபர் மாதம் அரசு ஹாஃப்கினைப் பம்பாய்க்கு அனுப்பிற்று. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஓர் அறையும் தாழ்வாரமும். உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலாளரும். அங்கே அவர் பிளேக் கிருமியை வளர்த்த முறை சுவையானது. இந்துக்களும் முஸ்லிம்களும் மனம் கோணாதபடி ஆட்டிறைச்சியிலிருந்தே சாறு வடித்தார். அதன்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். நெய்யைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுபோல் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. பிறகு அவற்றைச் சூடேற்றிக் கொன்று மருந்தாக்கினார். காலரா மருந்தில் இருந்தது உயிருள்ள கிருமி; இதில் இருந்தது செத்த கிருமி. செத்த கிருமியிடமிருந்து உடல் என்ன கற்கும் என்று அன்று பலர் ஐயுற்றனர். டி உயிரணுவுக்கு வேண்டியது துண்டு மட்டுமே என்பது இன்று நமக்குத் தெரியும்.

மூன்றே மாதத்தில் மருந்து ஆயத்தமாயிற்று. 1897ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், பிறருக்குக் கொடுக்கக் கருதிய அளவைவிட மூன்று மடங்குக்கும் மேலாக, தமக்கே மீண்டும் ஊசி போட்டுக்கொண்டார்! கடும் காய்ச்சல் கண்டு தேறினார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. 147 கைதிகளுக்கு ஊசி போட்டனர். 172 பேருக்குப் போடவில்லை. போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டவர்களில் இருவருக்கு மட்டுமே நோய் கண்டது, இறப்பு இல்லை. ஆகாகான் அவர்கள் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டதோடு தம் இனத்தாரையும் போட்டுக்கொள்ளச் செய்து, ஆய்வுக்கு மாளிகையும் அளித்தார். அதே ஆண்டு விக்டோரியா அரசியார் ஹாஃப்கினுக்கு விருதளித்தார். 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பம்பாய் பரேலில், முன்பு கவர்னர் வாழ்ந்த மாளிகையே பிளேக் ஆய்வுக்கூடமாயிற்று. நூலக உதவியாளராக இருந்தவர் அம்மாளிகைக்குத் தலைவரானார்.

இங்கே கதை முடிந்திருந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். பஞ்சாபில் முல்கோவால் என்ற சிற்றூர். அன்று 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டனர். ஒரு வாரத்துக்குள் அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகிற்று. உடல் வில்லாய் வளைந்தது. ரண ஜன்னி! பத்தொன்பது பேரும் மாண்டனர். அவர்கள் அனைவருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து வந்திருந்தது. ஹாஃப்கின் அங்கே இல்லவே இல்லை. பல நூறு கல் தொலைவில் பம்பாயில் இருந்தார். எனினும் பழி அவர்மேல் விழுந்தது. மருந்து செய்யும் முறையில் கார்பாலிக் அமிலத்தை விலக்கிவிட்டுச் சூட்டை மட்டுமே நம்பினார். அதனாலேயே கிருமி தங்கிவிட்டது என்றனர். விசாரணைக் குழு அமைந்தது. பதவி பறிபோயிற்று. மனம் நொந்து ஐரோப்பா சென்றார்.

உண்மை என்ன? ஊசி போட்ட அன்று உதவியாளர் ஒருவர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதை முறையாகச் சுத்திகரிக்காமல் அதனாலேயே அந்தப் புட்டியின் தக்கையைப் பிடுங்கினார். மண்ணில் வாழும் ரண ஜன்னிக் கிருமி அந்த வழியே புகுந்துவிட்டது. மற்றப் புட்டிகளால் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்ற ஒன்றே இதற்குப் போதிய சான்றன்றோ? ஆனால் அதைச் சொல்லி நிலைநாட்ட ஐந்து ஆண்டுகள் ஆயின. 1907ஆம் ஆண்டு சூலை மாதம், மலேரியாக் கொசுவைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முதலாய அறிஞர் பதின்மர் இலண்டன் டைம்ஸ் இதழில் கடிதம் வரைந்து நீதி கேட்டனர். நவம்பர் மாதம் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று அறிவித்தனர்.

நாம் இதை வகுப்பில் பேசியபோது கருத்து ஒன்றுபடவில்லை. பத்தொன்பது குடும்பங்கள் அழிந்தபோது அரசு கேள்வி கேட்டது சரியே என்றனர் நம்மில் சிலர். கேட்டது சரி; கேட்டபின் உண்மை தெரிந்தும் அவரை ஐந்தாண்டு காக்க வைத்தது சரியா என்றனர் மற்றவர். அவர் ஆங்கிலேயராக, மருத்துவப் பட்டம் பெற்றவராக இருந்திருந்தால் இவ்வளவு காலம் பிடித்திருக்குமா? நமக்கு இரண்டாம் அணியே சரியென்று படுகிறது. ஆனாலும் இறந்தவர் பத்தொன்பது பேரின் பெயர் எந்த நூலிலும் நம் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஹாஃப்கின் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். பழைய பதவி கிடைக்கவில்லை. கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் மருந்து செய்யும் வசதியும் இல்லை; மனிதரிடம் மருந்தைச் சோதிக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. தம் உடலையே சோதனைக் களமாக்கியவருக்கு ஏட்டு ஆராய்ச்சி மட்டுமே மிஞ்சிற்று. 1914இல் ஓய்வு பெற்றுப் பிரான்சு சென்றார்.

அவர் மருந்து மட்டும் ஓயவில்லை. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து அனுப்பிய பிளேக் தடுப்பூசி மருந்து இரண்டு கோடியே அறுபது லட்சம் அளவுக்கு மேல். சென்னையிலும் கிண்டியில் எழுந்த கிங் நிலையம் அம்மைப்பாலோடு பின்னர் காலரா ஊசி மருந்தும் செய்து தந்தது. திருவிழாக்களுக்குக் கூட்டம் கூடும் இடங்களில் சுகாதாரத் துறையார் ஊசியும் கையுமாக நின்றதும், பிள்ளைகள் அவர்களைக் கண்டு வைக்கோற்போரில் ஒளிந்ததும் நம் பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்திகள். காலரா ஊசியின் காப்பு சில மாதங்களே நின்றதால் அது பிற்காலத்தில் வழக்கொழிந்தது. இப்போது வாய்வழியே கொடுக்கும் மருந்து வந்துவிட்டது. குடலிலேயே குடிகொள்ளும் நோய்க்குக் குடலருகேயுள்ள நிணநீர் முடிச்சுகளில் நாற்றங்கால் அமைவதே பொருத்தம் என்பது அதன் காரணம். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும், காய்ச்சி ஆறவைத்த நீரும், குழாய் நீரும் செய்த உதவியையும் மறைக்கலாகாது.

1925ஆம் ஆண்டு பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினர். அச்செய்தி அவரைப் பிரான்சில் சென்றடைந்தபோது அவருக்கு வயது 65. திருமணம் செய்துகொள்ளாமல் தனியே வாழ்ந்த அவர், இறுதிக் காலத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தங்கி, தாம் விடாது காத்த சமயத்தின் நூல்களைப் பயின்று வந்தார். கிழக்கு ஐரோப்பாவில் ஏழை யூதச் சிறுவர் பயிலும் சமயப் பள்ளிகளுக்குத் தம் பொருளை எழுதி வைத்துவிட்டு, 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் கண்மூடினார். 1964இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை ஒன்றை வெளியிட்டது.